மூன்றாவது பாட்டில் சிரிப்பவள்

பிள்ளையின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆல்பத்தைக் கேட்டேன். ராக் என்றீர்கள், கித்தாரையே காணோம். எல்லாப் பாட்டிலும் கம்ப்யூட்டர்தான் உறுமுகிறது. செம்பனைக் குலைகள் லோரியில் விழும் சத்தத்தைத் தாளமாக்கியிருக்கிறீர்கள். அது மட்டும் பிடித்தது.

மூன்றாவது பாட்டில் ஒரு பெண் சிரிக்கிறாளே, யார் அவள்? போனில் கேட்டால் "அது மெஷின் சத்தம்லா" என்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். மெஷினுக்கு மூச்சு வாங்குமா? அவளுக்கு வாங்குகிறது. லோபாக்கில் தனி அறை எடுத்தது இசைக்காக மட்டும்தான் என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

ஃபேக்டரி பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டேன். சிரிப்புக்குப் பின்னால் ஒரு நாய் குரைக்கிறது. புக்கிட் பெலண்டோக் எஸ்டேட்டில் இருந்தபோது நாம் வளர்த்த கருப்பன்தான், எனக்குத் தெரியாதா? அப்படியானால், நான் வேலைக்குப் போன நேரத்தில் அவள் நம் எஸ்டேட் வீட்டுக்கே வந்திருக்கிறாள்.

நேற்று மகளிடம் போட்டுக் காட்டி, "யாரு இவ?" என்று கேட்டேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்பா அந்தச் சிரிப்போட வேகத்த மெதுவாக்கிக் குரல மாத்தியிருக்காரு, அவ்வளவுதான். நீங்கதாம்மா அது."

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். வெட்டாத, மெதுவாக்காத பதிவை நான் முழுதாகக் கேட்க வேண்டும். அது நான்தான் என்றால், அன்றைக்கு என்ன சொல்லி என்னை அப்படிச் சிரிக்க வைத்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பிள்ளையின் அம்மா