சூளை ஆற இரண்டு நாள்

இன்று காலை ஓட்டுக் கம்பெனியைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெளியே அடுக்கியிருந்த சூடான ஓடுகள்மேல் துளி விழுந்ததும் வெந்த மண் வாசம் எழுந்தது. எல்லோருக்கும் பிடித்த வாசம் உனக்கு மட்டும் ஆகாது. "கை வெந்த வாசம் புள்ள இது" என்பாய்.

அந்தக் காலத்தில் நாம் இருவரும் அங்கே சூளையிலிருந்து ஓடு எடுக்கிறவர்கள். நெருப்பு அணைந்த மறுநாளே உள்ளே போகச் சொல்வார்கள். சாக்கைச் சுற்றிக்கொண்டாலும் உள்ளங்கை கொப்பளிக்கும். ஓட்டுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் தொடங்கி ஒரு வருஷம் ஆகுமுன், பாலக்காடும் சேர்ந்திருந்த சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. பாலக்காட்டு வக்கீல் ஒருவர் சங்கத்தின் ஆதரவைக் கேட்டு வந்தார். வரி கட்டுகிறவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் அன்று வாக்கு. நம்மில் அநேகம் பேருக்கு அது இல்லை. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பேச நம்மிடம் ஆள் இருந்தது.

"ஏனுங்க வக்கீலய்யா, சூளை ஆற ரண்டு நாள் உடோணும்னு அங்க கேப்பீங்களா?" என்றாய்.

"கேட்கிறேன் அம்மா."

"அப்ப அதை இந்தக் காயிதத்துல எழுதிக் குடுங்க."

சிரித்தபடி எழுதிக் கொடுத்தார்.

எலப்புள்ளிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு கவுண்டர், "உங்களுக்கே ஓட்டு இல்ல, எங்ககிட்ட கேக்க வந்துட்டீங்களாக்கு?" என்றார். "இருந்தா உங்க ஊட்டு வாசல்ல ஏனுங்க நிக்கறோம்?" என்றாய். அவர் நமக்கு மோர் கொடுத்தார். வாக்கையும் கொடுத்தார் என்றே நினைக்கிறேன்.

வக்கீல் ஜெயித்தார். அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் நீ அந்தக் காகிதத்தை நீட்டுவாய். கடைசியில் சபையில் பேசினார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். சூளையை இரண்டு நாள் ஆறவிட வேண்டும் என்று உத்தரவானது.

அடுத்த வாரமே மேனேஜர் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார். வேலைநிறுத்தம் செய்வதா என்று கமிட்டி கூடியது. வக்கீலும் வந்திருந்தார். "இப்போது ஸ்டிரைக் என்றால் உத்தரவையே எதிர்த்து அப்பீல் போவார்கள். ஒரு ஆளுக்காக எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். ஸ்டிரைக் வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். நான் தூக்கினேன்.

வெளியே வந்ததும் உன்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "என்னைய உட்டுப்போட்டு வாங்குனது அந்த ரண்டு நாளு. அதையாவது உடாம புடிச்சுக்கங்க."

அப்புறம் நீ வயல் வேலைக்குப் போனாய். சங்கத்துப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் என் பிள்ளைகளை விசாரிப்பாய், அவ்வளவுதான். போன தை மாதம் நீ இறந்த செய்தி, எல்லாம் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது.

உத்தரவு இன்னும் நிற்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் இது எப்படி வந்தது என்று கேட்பதுண்டு. வக்கீல் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லியே எனக்குப் பழகிவிட்டது. சென்ற வாரம் ஒருத்தி கேட்டபோது அப்படிச் சொல்ல வரவில்லை. "எங்களில் ஒருத்தியை விட்டுக்கொடுத்து வாங்கினோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி" என்றேன். அவள் உன் பெயரைக் கேட்டாள். சொன்னேன்.