பத்தாம் எண் கணினியில் திறந்துகொண்ட ஹார்டு டிஸ்க்

அனுப்புநர்
கணினி அறைப் பொறுப்பு மாணவி,
பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
மகளிர் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பழுதாகிவிட்டதாகச் சொல்லப்படும் பள்ளியின் ஹார்டு டிஸ்க் பழுதாகவில்லை என்பதையும், அது கணினிகளில் தெரியாமல் போனதற்கு நானே காரணம் என்பதையும் தெரிவித்து, கணினி அறை உதவியாளர் மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: கணினி அறை உதவியாளரிடம் விளக்கம் கேட்டுத் தலைமை ஆசிரியை அனுப்பிய குறிப்பாணை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கிறது. எங்கள் வகுப்பு மாணவியர் நாற்பத்து மூன்று பேரின் செய்முறைத் தேர்வுத் திட்டப்பணிகளும் அதற்குள் அப்படியே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை என் கண்ணால் பார்த்தேன். மற்றதைப் பொறுமையாகப் படிக்கலாம். ஆனால் நாளை காலை பத்து மணிக்குத் தாங்கள் எங்கள் பள்ளிக்கு வந்து நடத்தவிருக்கும் விசாரணைக்கு முன் படித்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் கணினி அறையில் பத்துக் கணினிகள் உள்ளன. இடம் போதாததால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவற்றில் உள்ள மாணவியர் கோப்புகளை அழித்துவிடுவார்கள். அழிப்பதற்கு முன் அறை உதவியாளர் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவார். எங்கள் ஐந்து மாத வேலைக்கு அந்த ஒரு பிரதிதான் இருக்கிறது.

2. சென்ற மாதக் கடைசியில், பள்ளி விட்ட பிறகு, அறையில் உதவியாளரும் நானும் மட்டும் இருந்தோம். உதவியாளர் கோப்புகளை ஏற்றி முடித்து, ஹார்டு டிஸ்க்கைப் பீரோவுக்கு எடுத்துச் சென்றபோது அது கை நழுவிக் கீழே விழுந்தது. விழுந்தது வாசல் மிதியடியின் மேல். முழங்கால் உயரத்திலிருந்துதான் விழுந்தது. எடுத்துத் துடைத்து, நல்லவேளை மிதியடி கிடந்தது என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

3. மறுநாள் காலை எந்தக் கணினியிலும் அது தெரியவில்லை. விளக்கு எரிகிறது, சுற்றும் சத்தமும் கேட்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கணினி ஆசிரியர் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாக் கணினியிலும் போட்டுப் பார்த்தார். ஒன்பதும் கைவிரித்துவிட்டன. உதவியாளரை யாரும் கேட்கவில்லை. அவராகவே ஆசிரியரிடம் போய், “நேத்து கை தவறிக் கீழ விழுந்திருச்சு சார்” என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் இன்று குறிப்பாணையில் ‘அஜாக்கிரதையாகக் கையாண்டு சேதப்படுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள்’ என்று மாறியிருக்கிறது.

4. அன்றிலிருந்து அவரை அறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பில் அவருக்குப் ‘போட்டுடைச்ச மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன் பெஞ்சுக்காரி ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே, “உங்க மிஸ் புண்ணியத்துல நம்ம எல்லாருக்கும் மறுபடி முதல் பக்கம்” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் திட்டப்பணி மிக நன்றாக இருக்கும். அதுவும் பத்திரமாக இருக்கிறது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது.

5. இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணினி அறை உதவியாளர் என் அம்மாவின் தங்கை, என் சித்தி. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பள்ளிக்குள் அவர் எனக்கு மிஸ், நான் அவருக்கு ‘ஏம்மா, பன்னிரண்டு ஆ’. அது அவர் போட்ட சட்டம். சொந்தக்காரி என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். அதனால்தான் என் வார்த்தையை நம்பச் சொல்லவில்லை. கீழே எழுதியிருப்பதை ஒருமுறை செய்து பார்க்க மட்டும் சொல்கிறேன்.

6. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கணினி ஆசிரியர் ஹார்டு டிஸ்க்கை என்னிடம் கொடுத்து, திங்கட்கிழமை பழுது பார்க்கும் கடைக்குப் போகிறது, பெட்டியில் வைத்து ஒட்டி வை, திறந்து நோண்டாதே என்று சொல்லிவிட்டு ஆசிரியர் கூட்டத்துக்குப் போனார். கடைக்காரர் அதை ஃபார்மட் செய்து திரும்ப வேலை செய்ய வைத்துவிடலாம், ஆனால் உள்ளே இருந்தது எதுவும் மிஞ்சாது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாராம். நான் ஆசிரியர் சொல்லை மீறினேன். இது என் முதல் குற்றம்.

7. முதலில் கேபிளை மாற்றினேன். தெரியவில்லை. கணினியின் பின்பக்கம் செருகினேன். தெரியவில்லை. காதருகே வைத்துக் கேட்டேன். அடிபட்ட டிஸ்க் டிக் டிக் என்று தட்டும் என்று ஆசிரியர் பாடத்தில் சொல்லியிருக்கிறார். இதில் அந்தச் சத்தம் இல்லை. சீராகச் சுற்றியது. பிறகு மூலையில் துணி மூடிக் கிடக்கும் பத்தாம் எண் கணினி ஞாபகம் வந்தது. அதன் நெட்வொர்க் கேபிளை எலி கடித்துவிட்டதால் அதை யாரும் தொடுவதில்லை. ஆசிரியரும் அதில் போட்டுப் பார்க்கவில்லை. துணியை எடுத்து, கணினியைப் போட்டு, டிஸ்க்கைச் செருகினேன்.

திறந்துகொண்டது, ஐயா. நாற்பத்து மூன்று பெயர்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். முன் பெஞ்சுக்காரியுடையதைத் திறந்தும் பார்த்தேன். நான் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டுக் காவலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “என்னம்மா, பேய் கீய் புடிச்சிருச்சா” என்றார்.

8. சிரிப்பு நின்றதும் ஏன் பத்தில் மட்டும் தெரிகிறது என்று யோசித்தேன். எங்கள் அறைச் சுவரில் ‘உங்கள் கோப்புகளை E-யில் சேமிக்கவும்’ என்று பெரிதாகப் பெயின்டால் எழுதியிருக்கும். அது பழைய கணினிகள் இருந்தபோது எழுதியது. கணினி ஒவ்வொரு சேமிப்பு இடத்துக்கும் C, D என ஓர் எழுத்தைப் பெயராக வைக்கும். புதியவற்றில் எதையும் செருகாதவரை E என்று ஒன்று கிடையாது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் சுவரைப் பார்ப்பார்கள், திரையைப் பார்ப்பார்கள், பிறகு என்னிடம் ஓடி வருவார்கள். சுவரை மாற்றுவதைவிடக் கணினியை மாற்றுவது சுலபம் என்று நினைத்தேன். நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கோப்புறைக்கு ஒன்று முதல் ஒன்பது வரை E என்ற எழுத்தைக் கொடுத்தேன். பத்தாவதில் நெட்வொர்க் இல்லாததால் அதை விட்டுவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இது என் இரண்டாவது குற்றம்.

9. அதைச் செய்தது, சித்தி டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டிய அதே மாலை. ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் கணினி அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் எழுத்தும் E தான். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்த கதை. முன்னால் உட்கார்ந்தது பொதுக் கோப்புறை. பின்னால் டிஸ்க் மறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒன்றாம் எண் கணினியில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்து பார்த்தேன். அங்கே அது நல்ல நிலையில் இருப்பதாகவே காட்டுகிறது, E என்ற எழுத்தோடு. மிதியடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

10. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள். பயம். பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ, செய்முறைத் தேர்வில் உட்கார விடமாட்டார்களோ என்று பயம். எதையும் மாற்றாமல், சொன்னபடி பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தி நாளை கொடுக்கப்போகும் விளக்கக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினார். தவறு முழுவதும் தன்னுடையது, எந்த நடவடிக்கைக்கும் உடன்படுகிறேன் என்று எழுதியிருக்கிறார். அம்மாவுக்குக் கோபம். “நீ உண்மை பேசுறதுக்கு ஒருத்தரும் மாலை போடப் போறதில்ல, வேலைதான் போகும்” என்றார். சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டே, “விழுந்தது என் கையிலருந்துதானேக்கா” என்றார்.

என் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். விழுந்தது உண்மை, உடைந்ததுதான் பொய். அந்தப் பொய்யைத் தன் கையெழுத்தில் அவரே எழுதிக் கொடுக்கப் போகிறார்.

11. சித்தியிடம் நேராகச் சொல்லாமல் தங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். “நீ வாயத் தொறக்காத, உனக்குப் பரீட்சை இருக்கு, நான் பாத்துக்கறேன்” என்பார். இந்த மனுவைக் கிழித்தும் போடுவார். ஆகவே அவர் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்து எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இப்போது பசிக்கிறது. மூடி வைத்திருந்த சோற்றை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டேதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். காகிதத்தில் கறை இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளவும்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ. ஹார்டு டிஸ்க் பெட்டியைக் கடைக்கு அனுப்ப வேண்டாம் என்றும், யாரும் அதை ஃபார்மட் செய்யக் கூடாது என்றும் வண்டியை விட்டு இறங்கியவுடன் உத்தரவிட வேண்டும். வேறு எது தாமதமானாலும் சரி, இது தாமதமாகக் கூடாது.

ஆ. தங்கள் முன்னிலையில் அதைப் பத்தாம் எண் கணினியில் இணைக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒன்றாம் எண்ணில் அதற்கு வேறு எழுத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் ஆகும். ஆசிரியருக்கு இதைச் செய்யத் தெரியும், அந்தப் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இ. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். செய்முறைத் தேர்வு எழுத மட்டும் அனுமதிக்க வேண்டும்.

ஈ. விசாரணை தொடங்கியதும் உதவியாளர் எழுந்து தன் கடிதத்தை நீட்டுவார். அவரைத் தடுக்க முடியாது. வாங்கி மேசையில் வையுங்கள், பிரிக்க வேண்டாம். முதலில் அவரைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்று, அந்த நாற்பத்து மூன்று பெயர்களையும் அவரையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்த பிறகு, அந்தக் கடிதத்தை இன்னும் கொடுக்க விரும்புகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், ஐயா. அது போதும்.

இம்மனுவைத் தங்கள் வண்டி நிற்கும் இடத்திலேயே நானே நேரில் கொடுப்பேன்.

இடம்: வீடு
நாள்: ஞாயிற்றுக்கிழமை, இரவு

தங்கள் பதிலுக்குப் பயத்தோடும், இப்போது கொஞ்சம் நிம்மதியோடும் காத்திருக்கும் மாணவி,

(கையொப்பம்)
கணினி அறைப் பொறுப்பு மாணவி,
பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு