பனிக்கட்டியில் வந்த நாலு குப்பி

உசிலம்பட்டி,
20.10.86

அன்புப் பேரன் முத்திருளனுக்கு,

அப்பத்தா ஒச்சாயி என் கையாலேயே எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் பொய். நீ சுகமா என்று கேட்டால் நிஜத்தைச் சொல்வாயா என்று எனக்கு இப்போது சந்தேகம்.

உன் சிநேகிதன் வெள்ளைத்துரை பம்பாயிலிருந்து வந்து நாலு குப்பியும் உன் கடிதமும் கொடுத்தான். அம்மாவின் மார்புக் கட்டிக்கு உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நீயே செய்த மருந்து என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக உறுத்தியது. குப்பியில் கம்பெனி பேர் இல்லை, பென்சிலில் ஒரு நம்பர்தான். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டாம், கம்பவுண்டர் சோலையை வைத்து வீட்டிலேயே போடுங்கள் என்கிறாய். நல்ல மருந்துக்கு ஒளிவு எதற்கு?

வெள்ளைத்துரைக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்துக் கேட்டேன். "ஒங்க பேரனோட வாத்தியாருக்கே தெரியாது அப்பத்தா" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டான். இதுவரை எலிக்குத்தான் போட்டிருக்கிறார்களாம். எத்தனை எலி பிழைத்தது என்றேன். கை கழுவ எழுந்துவிட்டான்.

போன தீபாவளிக்கு வந்தபோது நீ எனக்கு விளக்கியது ஒன்றும் மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளுக்குள் மருந்தை அடைக்கிறீர்கள். அது உடம்பெல்லாம் ஓடாமல் கட்டியை மட்டும் தேடிப் போகும். தண்ணீரில் வைத்தால் நாள்படக் கெட்டுவிடும் என்று உறையவைத்து ஈரத்தை இழுத்துவிடுகிறீர்கள். அப்போது உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சர்க்கரை. ரேஷன் கடை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். என் பேரன் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

அன்று நீ காட்டிய குப்பியில் பொடி இலவம்பஞ்சு மாதிரி குப்பி அகலத்துக்கு நின்றது. இப்போது வந்ததில் சுருங்கி, ஒரு ஓரமாக ஒட்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் கருப்பட்டி கசிந்து உட்காருமே, அப்படி. சர்க்கரை ஈரம் குடிக்கும் என்பதை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தாய். குளிர்ச்சி என்றால் நமக்குத் தண்ணீர்ப் பானைதானே. பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலுக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தேன். ஆனால் நீ குப்பிகளை வைத்து அனுப்பிய பிளாஸ்கில் இருந்த பனிக்கட்டி காட்பாடியிலேயே தண்ணீராகிவிட்டது என்று வெள்ளைத்துரை சொல்கிறான். என்னால் கெட்டதா, வழியில் கெட்டதா, நீ மூடும்போதே கெட்டதா?

வியாழக்கிழமை ஒன்றைத் திறந்து, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டேன். நீர்மோர் மாதிரி ஒரே சீராக வரும் என்று எழுதியிருந்தாய். திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது. இதையா பெற்றவள் நரம்பில் ஏற்றச் சொன்னாய்?

மறுநாள் வெள்ளிக்கிழமை சோலை ஊசியோடு வந்தார். வாசலோடு அனுப்பிவிட்டேன். உள்ளே படுத்திருந்த உன் அம்மா ஜெயக்கொடிக்குக் கேட்டுவிட்டது. அவள் என்னோடு அதிர்ந்து பேசுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். அன்றைக்குச் சொன்னாள்: "எம்மவன் கையால செஞ்சது. கெட்டுப் போனாலும் எனக்கு அதுதான் மருந்து. குடுங்கத்த."

நான் கொடுக்கவில்லை. மிச்சம் மூன்று குப்பியையும் என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். தூக்கிப் போட மனம் வரவில்லை, நீ செய்ததாச்சே. தூங்கும்போதும் அவள் கண் என் இடுப்பில்தான் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைச் செய்தவனுக்கு இதன் பக்குவம் தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாய். டாக்டரம்மா உனக்கு இங்கிலீஷில் தனியாக ஏதோ எழுதினார்களாமே. அதில் என்ன இருந்தது? எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் நீ வாத்தியாருக்குத் தெரியாமல் குப்பி எடுத்திருக்கிறாய் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

வாத்தியாரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள். நீ இன்னும் எத்தனையோ பேருக்குச் செய்யவேண்டியவன், இதில் உன் பேர் கெடக்கூடாது.

பிறகு ரயிலேறு. தீபாவளி வரைக்கும் பார்க்காதே. மருந்து ஒன்றும் வேண்டாமப்பா. வெறுங்கையோடு வா. அவளுக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கருப்பு துணையிருப்பான்.

உன் அப்பத்தா
ஒச்சாயி