பத்து நிமிஷம் கூட

பாப்பா அம்மாவுக்கு,

நீ போனை எடுக்கல, அதான் எழுதுறேன். பாப்பா காரியம் முடிஞ்சு நீ பழனிக்குப் போனதுலருந்து இங்க மழையாவே கெடக்கு. சவாரியும் இல்ல.

நம்ம அறுபத்தெட்டு மாடல் காருல நின்னுபோன கடிகாரத்தைக் கழட்டினேன். உள்ள கரண்டு தொடுற பாயிண்டு கருகியிருந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, உன் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஓடுது. மிஷின்ல மாட்டியிருந்த பாப்பா யூனிபார்மை எடுக்கல.

ஸ்கூலுக்கு வெரசா கெளம்பட்டும்னு நீதான் அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட வச்ச. அவளுக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் "லேட்டாயிருச்சுப்பா"ன்னு ஓடிவருவா.

போனைப் பார்த்துச் சரியான டைம்தான் வச்சேன். அப்புறம் என்னமோ, பத்து நிமிஷம் கூட்டிட்டேன்.

இன்னைக்கு வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குன்னுதான் வண்டிய எடுத்தேன். பார்த்தா ஸ்கூல் கேட்டுல நிக்கிறேன். இன்னும் பெல் அடிக்கல. பின்கதவு உள்ளருந்து தொறக்க வராதுல்ல, எறங்கிப் போய்த் தொறந்துவிட்டேன். பெல் அடிச்ச பிறகுதான் மூடினேன்.

வர்றதுன்னா சொல்லு. பழனி ரோடு வந்து சேர்ற பெருமாள்மலையில வந்து நிக்கிறேன்.

பாப்பா அப்பா