டெக்சாஸா, நியூ ஜெர்சியா

11 பெப்ரவரி 2025

றமணன் வேலையால் வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றாமலே சொன்னார். கம்பனி அவரை லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு மாற்றுகிறது. டெக்சாஸ் அல்லது நியூ ஜெர்சி, எதுவென்று நாங்களே முடிவு செய்யலாமாம்.

"செவன் கிங்ஸில இந்தப் பெட்டி வீட்டில இருந்தது போதும், யசோ."

அவருடைய முகத்தை இவ்வளவு வெளிச்சமாகப் பார்த்து எவ்வளவு காலம்! நானும் சிரித்தேன். பிறகு சமையலறையில் ஒரே கோப்பையை இரண்டு தரம் கழுவிக்கொண்டு நின்றேன்.

23 பெப்ரவரி

வீட்டில் வேறு பேச்சில்லை. டெக்சாஸில் பெரிய வீடு, மாநில வருமான வரி கிடையாது. ஆனால் வெயில் கொளுத்தும். நியூ ஜெர்சியில் நல்ல பள்ளிக்கூடங்கள், ரயில்; ஆனால் வீட்டு வரி ஆளை விழுங்கும். டெக்சாஸிலிருக்கும் றமணனின் அக்கா, சுசிலா மச்சாள், போனில் நீச்சல் குளத்தைக் காட்டுகிறார். பதினைந்து வயது மகள் பிரியந்தியைக் கேட்டால், "வட்எவர், அம்மா" என்று தோளைக் குலுக்குகிறாள்.

5 மார்ச்

மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மருந்துக்கடையில் ஒருவருடைய மருந்தை இன்னொருவரிடம் நீட்டிவிட்டேன். கூட வேலை செய்யும் பாமா கண்டு தடுத்தாள். எனக்கு என்ன நடக்கிறது?

12 ஏப்ரல், டெக்சாஸ்

ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு இடத்தையும் பார்க்க வந்திருக்கிறோம். மச்சாளின் வரவேற்பறைக்குள் எங்கள் வீட்டையே வைத்துவிடலாம்.

காலையில் பால் வாங்க நடந்து போனேன். நடைபாதை ஓரிடத்தில் அப்படியே முடிந்துவிட்டது. புல்லில் நடந்தேன். ஒரு பெண் காரை நிறுத்தி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

மச்சாள் பதறிவிட்டார். "ஐயோ, இஞ்ச ஆரும் நடக்கிறேல்லை. சொல்லியிருந்தா நான் கொண்டுபோய் விட்டிருப்பனே."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வலிப்பு வரத் தொடங்கியதிலிருந்து நான் கார் ஓட்டுவதில்லை. பால் வாங்கவும் இனி ஆரையாவது கேட்க வேணுமா? றமணன் இதை யோசிக்கவில்லையா? இல்லை, யோசித்தும் —

17 ஏப்ரல், நியூ ஜெர்சி

ரயில் இருக்கிறது, உண்மைதான். ஸ்டேஷனுக்குப் போகத்தான் கார் வேண்டும்.

றமணனின் நண்பர் லதீசன் வீட்டில் நிற்கிறோம். அவருடைய மனைவி தவநாயகி பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எல்லா வசதியும் இருக்கு, அக்கா. கதைக்கத்தான் ஆளில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

3 மே

"டெக்சாஸா, நியூ ஜெர்சியா? ஒண்டைச் சொல்லும்."

"எனக்கு ரெண்டும் வேண்டாம்."

வாயிலிருந்து வந்துவிட்டது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, யசோ."

"நீங்கள் கேக்கேல்லை. எந்த மாநிலம் எண்டுதானே கேட்டனீங்கள்."

எதிரே வந்து உட்கார்ந்தார். "இவ்வளவு காலமும் எல்லாருக்காகவும் ஓடினன். இது ஒண்டு எனக்கு வேணும்." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

4 மே

றமணன் தன் தேநீரைத் தானே போட்டுக் குடித்தார்.

30 ஓகஸ்ட்

ஹீத்ரோ விமான நிலையம். டெக்சாஸுக்கு அவர் மட்டும். "ஒரு வருசம் பாப்பம்" என்றார். பிரியந்தி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. திரும்பும் ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நான் செய்தது சரியா? அவரைத் தடுத்திருக்க வேண்டுமா? கூடப் போயிருக்க வேண்டுமா?

20 டிசெம்பர்

நத்தார் விடுமுறைக்கு றமணன் இன்று வந்தார். வாசல் மணி அடித்தது. தபால்காரர் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வெயிலில் கறுத்திருந்தார்.

"உங்களிட்டைச் சாவி இல்லையே?"

"கிடக்கு." சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "தெரியேல்லை, யசோ. கை தன்ர பாட்டில மணிக்குப் போயிட்டுது."

பெட்டியை வாங்கிக்கொண்டு வழிவிட்டேன்.