நாலெழுத்து மணப்பெண்கள்

கருவாயா,

ஊருக்கு நீ போட்டோக்காரர். எனக்குக் கட்டிய நாளிலிருந்து கருவாயன்தான். இன்று காலை உன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பொலபொலவென்று உப்பு கொட்டியது. உப்பளத்திலிருந்து வந்து கை கழுவாமல் நான் தட்டித் தட்டிச் சேர்ந்த உப்பு. "கையக் கழுவிட்டு வாடி, கம்ப்யூட்டரைக் கருவாடு போட்டுடுவ போலருக்கு" என்று நீ கத்துவாயே, அது காதில் விழுந்தது. சிரித்துவிட்டேன்.

அஞ்சாவதோடு நின்றவளை இதைத் தொட வைத்தது கீழ்புத்துப்பட்டுக் கல்யாணம்தான். கேமராவுக்கு எல்லாக் கல்யாணமும் ஒன்று. எந்தப் படத்துக்கும் DSC_ என்று போட்டு ஒரு நம்பர் வைக்கும். ஆல்பம் செய்தவர் நம்பர் குழம்பி, கீழ்புத்துப்பட்டு மாப்பிள்ளை பக்கத்தில் வானூர்ப் பெண்ணை ஒட்டிவிட்டார். மாமியார்க்காரி நம் வாசலில் வந்து நின்று, "யாருய்யா இவ? எம்புள்ளைக்கு ரெண்டாவதா?" என்றாள்.

அதிலிருந்து படத்துக்கெல்லாம் பெண்ணின் பேரை வைக்க ஆரம்பித்தாய். கருப்புத் திரையில் ஒரே வரி அடித்தால் அத்தனை படத்துக்கும் பேர் மாறிவிடும். நீ சோறு தின்றுகொண்டே சொல்ல, நான் ஒற்றை விரலால் தட்டுவேன். "நாலெழுத்துக்கு மேல போவாதடி. DSC_ நாலு. அதும்மேல நாலுதான் உக்காரணும். இல்லன்னா நம்பரைத் தின்னுடும்." அதனால் நீ படம் எடுத்த மணப்பெண்களுக்கெல்லாம் நாலெழுத்துப் பேர்தான்.

போன வாரம் கூனிமேட்டு மும்தாஜ் அக்கா வந்தார். நீ கடைசியாக எடுத்தது அவர் மகள் நஸ்ரீனின் நிக்காஹ். படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்த மறுநாள்தான் உனக்கு நெஞ்சுவலி. "கேக்கவே சங்கடமாத்தான் இருக்குதும்மா. பொண்ணு வெள்ளிக்கிழமை துபாய் போவுது. எங்ககிட்ட வேற போட்டோவே இல்ல" என்றார்.

படங்கள் இருப்பது நம் கம்ப்யூட்டரில் மட்டும். "மொதல்ல காப்பி, அப்புறம் வீரம்" என்பாயே, அப்படியே எல்லாப் படத்துக்கும் ஒரு காப்பி எடுத்தேன். பிள்ளையின் பேரை வெட்ட மனசு வராமல் NASREEN என்று முழுசாக அடித்தேன். நம்பரைத் தின்றுவிட்டது. ஒரே பேர் ரெண்டு படத்துக்கு ஆகாதென்று திரை முழுக்க ஒரே திட்டு. அந்தக் காப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன். இந்தத் தடவை நாலே எழுத்து.

ren DSC_*.JPG NASR*.JPG

ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தால் வரிசை குலையாமல் நஸ்ரீன். மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரே இருந்து குடுத்த மாதிரி இருக்குதும்மா" என்றார்.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் பேர் மாறவில்லை. அதற்கு நீ முன்னாலேயே வேறு பேர் வைத்திருந்தாய். எழுத்துக் கூட்டிப் படித்தேன். UPPU.

வேலைக்குப் போகும்போதெல்லாம் உப்பளத்தில் வண்டியை நிறுத்தி, உப்பு மேட்டைக் காட்டிக் கேமராவுக்கு வெள்ளையைச் சரிபார்ப்பாய். அந்தச் சாக்கில் என்னையும் ஒன்று எடுப்பாய். "யோவ், தலையில சும்மாடு இருக்குது. அழிச்சுடு" என்பேன். "அழிச்சிட்டேன்டி" என்பாய்.

தேடும் கட்டத்தில் UPPU என்று அடித்தேன். கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று என்று இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாவற்றிலும் நான் உன்னை முறைக்கிறேன், புளுகா. ஒன்றைச் சட்டம் போட்டு உன் கேமராவுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன். இதில் எந்த முறைப்பு உனக்குப் பிடித்தது, சொல்லேன்?