உங்களால் முடியாதது எது

ஞாயிறு மாலை

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

உன் மைக்காரன் எழுதுகிறேன். உன் அப்பா, உன் வாயாடி மகள், நான் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அந்த வெளிநாட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாகவே இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் எனக்கு வேலை ஓடாது.

நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது மாமா ஒரு பக்கம் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு பக்கம் வாயாடி போனைப் பிடுங்கத் தயாராக நிற்கிறாள். நடுவில் நான் என்னத்தைப் பேசுவது? சாப்பிட்டாயா, அங்கே மழையா என்பதோடு என் முறை முடிந்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் மைக் கொடுக்கிறவனுக்கு வீட்டில் மைக் கிடைப்பதில்லை.

வாயாடி இப்போது தானே தலை பின்னிக்கொள்கிறாள். கோணல்மாணலாக இருக்கிறது, ஆனால் சொன்னால் கோபம் வருகிறது. கட்டிலுக்கடியில் நீ விட்டுப்போன வெள்ளைச் செருப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. நீ நடுவில் ஒரு முறை வந்து போனபோது அது அவளுக்குப் படகு மாதிரி இருந்தது. மாமாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை நான்தான் கையில் கொடுக்கிறேன், முழுங்கும்வரை நகர்வதில்லை. பஸ் ஓட்டுவதை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இன்னும் காலால் பிரேக் போடுகிறார். பக்கத்து சீட்காரர் காலை மிதித்துவிட்டுச் சண்டை வேறு.

தேர்தல் வந்துவிட்டதால் என் ஒலிபெருக்கிகளுக்கு ஓய்வில்லை. காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி. மேடைக் கொடியைத்தான் மாற்றுகிறார்கள். ஒயரும் அதேதான், பேச்சும் அதேதான். நீ சொன்னபடி காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். மைக் அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இவர்கள் மேடையில் பேசிக்கொள்வது அந்தப் பஞ்சையும் மீறி என் காதில் விழுகிறது. அதைக் கேட்டவன் எந்தக் கட்சியையும் நம்ப மாட்டான்.

இந்த முறை நம் பகுதியில் நிற்பவர்களுக்கு மாமா பெயர் சூட்டி முடித்துவிட்டார். இப்போது பதவியில் இருக்கிறவர் பெயர் ‘ஏற்கெனவே’. சாலையைக் கேட்டால் ஏற்கெனவே போட்டாச்சு என்பார், தண்ணீரைக் கேட்டால் ஏற்கெனவே விட்டாச்சு என்பார். அவரை எதிர்த்து நிற்பவர் பெயர் ‘ஆறு மாசம்’. எதைக் கேட்டாலும் ஆறே மாதம்தான் அவருக்கு. மூன்றாவது ஆள் வாயாடியின் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், போன வருஷம் ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி. ஆனால் அவருக்குச் சீட்டு கொடுத்த கட்சியின் லட்சணம் உனக்கே தெரியும். முன்னால் ஒரு நல்ல முகத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் பழைய கூட்டமே நிற்கும் மாப்பிள்ளை, ஏமாந்துடாதீங்க என்கிறார் மாமா.

நம் தெருக் கோடி ஆஸ்பத்திரிக்கு மறுபடி வெள்ளையடித்திருக்கிறார்கள். பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் நாம் இரண்டு பேரும் அந்த ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தோமே, பிளாஸ்டிக் உறை கிழிக்காத கட்டில்கள், அவை அப்படியே இருக்கின்றன. அந்த மூலையில்தான் என் மேஜை போடச் சொல்வேன், அங்கிருந்து பார்த்தால் எல்லாக் கட்டிலும் தெரியும் என்றாய். உன் மூச்சு கண்ணாடியில் படிந்து, நீ அதை முந்தானையால் துடைத்தாய். நான் சாமான் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இப்போது அதில் ஒரு ஏணி சாய்ந்திருக்கிறது.

அங்கே வேலையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போடட்டுமா, மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டாய். தேர்தல் முடியட்டும், ஆஸ்பத்திரி திறந்துவிடுவார்கள் போலிருக்கிறது, பொறு என்று நானும் சொன்னேன். அப்போது ஏதோ ஒரு தைரியத்தில் சொல்லிவிட்டேன். இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

போன தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் நீ வாசற்படியில் நின்று கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் செய்றேன்னு சொல்றீங்க, சரி, உங்களால முடியாதது ஒண்ணு சொல்லுங்க என்றாய். அந்த ‘ஏற்கெனவே’ சிரித்து மழுப்பிவிட்டு வாயாடியின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். என்னால் முடியாது என்று நேரத்தில் சொல்லும் டாக்டர்தான் நோயாளியைச் சரியான இடத்துக்கு அனுப்பிப் பிழைக்கவைப்பார், எல்லாம் முடியும் என்பவர் வைத்துக்கொண்டே கொன்றுவிடுவார், கட்சிக்காரனும் அப்படித்தான் என்று அன்று சொன்னாய். ஒருத்தரும் பதில் சொல்லாததால் இரண்டு பேரும் யாருக்கும் போடாமல் வெறும் ஓட்டுச்சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, கை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் சிரித்தோம்.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் கூட்டம். அவருக்குக் குரல் மெல்லிசு, நான் ஆம்ப்ளிஃபையரில் ஒலியை ஏற்றிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற வாயாடி, அம்மா இருந்தா கேட்டிருப்பாங்கப்பா, நீங்க கேளுங்க என்று என் விலாவில் இடித்தாள். ஹலோ, ஒன், டூ, த்ரீ தவிர மைக்கில் எதுவும் பேசி அறியாதவன் நான். எப்படியோ சோதனை மைக்கை எடுத்து உன் கேள்வியைக் கேட்டுவிட்டேன். என் குரல் ஊரெல்லாம் கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

டீச்சர் ஆஸ்பத்திரிப் பூட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இந்த ஆஸ்பத்திரிய என்னால திறக்க முடியாது என்றார். கட்டடம் இருக்கு, உள்ளே டாக்டரும் நர்ஸும் போடணும்னா மேல இருந்து உத்தரவு வரணும், அதுக்கு எங்க கட்சியே இதுவரைக்கும் வாய் திறக்கல, என்னால முடிஞ்சது வாரத்துல ரெண்டு நாள் ஒரு டாக்டர் வண்டிய இந்தத் தெருவுக்கு வரவைக்கிறது, அதச் செய்வேன் என்றார்.

கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. ஒயர் கழன்றுவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேடையில் அவருக்குப் பின்னால் நின்ற கட்சிக்காரர் ஒருவர், மைக்கை அணை, அணை என்று எனக்குச் சைகை காட்டினார். நான் பார்க்காத மாதிரி குனிந்தபடியே இருந்தேன்.

உன் கணக்குப்படி என் ஓட்டு டீச்சருக்குத்தான் போக வேண்டும். ஆனால் அவர் சொன்னது உண்மையானால் உன் மேஜை அந்த மூலைக்கு வராது. ‘ஆறு மாசம்’ சொல்வது பொய் என்று தெரியும். தெரிந்தும் அந்தப் பொய்யின் மேல்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது. எதுவும் வேண்டாம் என்கிறவனுக்கு எல்லோரையும் சந்தேகப்படுவது சுலபம், இத்தனை காலம் நான் அப்படித்தான் இருந்தேன். இப்போது எனக்கு ஒன்று வேண்டியிருக்கிறது.

யாருக்குப் போடட்டும் என்று எழுது. இது உன் கைக்குக் கிடைத்து நீ எழுதுவதற்குள் ஓட்டு முடிந்துவிடலாம், அதனால் போனிலாவது ஒரு வார்த்தை சொல். மற்றபடி இங்கே நான் சமாளித்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மைக்காரன்


வெள்ளி காலை

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

போன வாரம் கடிதம் கிடைத்ததும் நீ போன் செய்தாய், சந்தோஷம். உங்க ஓட்டு, நீங்களே முடிவு பண்ணுங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாய். ஆனால் டீச்சர் சொன்னதை நான் மறுபடி சொன்னபோது நீ பேசாமல் இருந்தாயே, அந்த அமைதியில் எனக்குப் பாதித் தூக்கம் போய்விட்டது.

ஓட்டுச்சாவடி வாயாடியின் வகுப்பறையில்தான். மாமா எனக்கு முன்னால் போய்விட்டு வந்தார். மூன்று பேருக்கும் ஓட்டுப் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்த மனிதர், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் முறைக்கிறார். நான் அட்டை மறைப்புக்குள் போய் நின்றேன். முத்திரைக் கட்டையை நூலில் கட்டி வைத்திருந்தார்கள், நூல் குட்டை, மூன்று கட்டத்துக்கும் எட்டுவதற்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் போன தடவை மாதிரி வெறுமனே மடித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு வெறும் சீட்டைப் போட்டுவிட்டு உன்னோடு சிரித்துக்கொண்டு வர முடிந்தது. தனியாக அதைச் செய்ய மனசு வரவில்லை.

முத்திரை ‘ஆறு மாச’த்தின் கட்டத்துக்கு மேல்தான் முதலில் போய் நின்றது. மறைக்க என்ன இருக்கிறது. வெளியே வரிசையில் நின்ற பேக்கரிக்காரர், உள்ள என்ன பரிட்சையா எழுதறீங்க என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது, வாசற்படியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்ட முகம். டீச்சருக்கே போட்டேன். அந்தக் கட்சியின் மேல் எனக்கு இம்மியளவும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் போட்டது கட்சிக்கு இல்லை, முடியாது என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆளுக்கு. சீட்டு பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபோது, உன் மேஜையை நானே தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு நேராக வராமல் கடைக்குப் போய்ப் பழைய ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் தோற்றுவிட்டார். ஆனாலும் நாம் நினைத்த அளவுக்கு மோசமில்லை, கணிசமான பேர் போட்டிருக்கிறார்கள். ஜெயித்தது ‘ஆறு மாசம்’. வெற்றிக் கூட்டத்துக்கும் மைக் நான்தான். ஆறு மாசத்துல இந்த ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் என்று அவர் கத்தியபோது, பஞ்சு வைத்த காதோடு ஒரு நொடி எனக்கு உள்ளம் துள்ளிவிட்டது. அவரை நம்பாத நானே துள்ளினால் மற்றவர்களை என்ன குறை சொல்வது என்று பிறகு வெட்கமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். வெள்ளையடித்தவர்கள் ஏணியைக்கூட எடுக்காமல் போயிருக்கிறார்கள்.

அதனால் ஆஸ்பத்திரி திறக்கும், பொறு என்று இனி நான் உன்னிடம் சொல்லப் போவதில்லை. அது திறக்காது. இத்தனை காலம் நீ வருவதற்கு அந்தக் கட்டடத்தைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வா என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை இல்லாமல் நீ எதற்கு வர வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஆள் தேவைப்படுமா என்று மாமா போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கேயும் இப்போதைக்கு இடம் இல்லையாம். அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், நீ என்ன முடிவு செய்தாலும் எனக்கு உன் மேல் வருத்தம் வராது.

ஆனால் ஊரிலிருக்கிற அத்தனை பேரிடமும் நீ கேட்ட அந்தக் கேள்வியை என்னிடம் மட்டும் நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் அந்த ‘ஏற்கெனவே’ மாதிரி சிரித்து மழுப்பியிருப்பேன். ஒவ்வொரு போனிலும், ஒவ்வொரு கடிதத்திலும் சமாளித்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறேன். போன கடிதத்தைக்கூட அப்படித்தான் முடித்திருக்கிறேன், எடுத்துப் பார்.

என்னால் முடியவில்லை. வந்துவிடு.

உன் மைக்காரன்